வாயில்லா உயிர்களும் வாசற்படி நஞ்சுகளும்

‘வாயில்லாச் சீவன்’ என்று ஆட்டையும் மாட்டையும் நம் தாய்மார்கள் குறிப்பிடுவதுண்டு. கத்துவதற்கு அவற்றிற்கு வாய் உண்டு. தமக்கு இன்னது நேர்ந்தது என எடுத்துரைக்கும் வாய்தான் இல்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் என்றொரு பகுதி உளது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் ஒன்று தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடைபெற்றுத் தருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட, நபிகளார் அதற்குப் பிணை நிற்கும் காட்சியை மாணவர் பலரும் அறிவர். காப்பியத்து மான் பேசிற்று. நம் தொழுவத்து ஆடு பேசுவதில்லை. அது நஞ்சு தின்றதா, எதைத் தின்றது, எப்போது தின்றது என்பதையெல்லாம் அதன் சார்பில் நாமே அறிந்தாக வேண்டும்.

வளர்ப்புப் பிராணி என்றவுடன் நகரத்தார் மனத்தில் தோன்றுவது விலையுயர்ந்த நாய்க்குட்டியாக இருக்கலாம். ஆத்தூர் வட்டாரத்தில் வீட்டோடு வளரும் உயிர்கள் வேறு. சேலம் கருப்பு எனப்படும் வெள்ளாடு, கறவை மாடு, புழக்கடைக் கோழி, வாசலில் படுத்திருக்கும் நாய், அடுப்படியை விட்டு அகலாத பூனை ஆகியவையே அவை. இவற்றைக் கொல்லும் நஞ்சுகளுள் பலவும் எங்கிருந்தோ வருபவை அல்ல. நாம் பயிரிடுபவை, நாம் உண்பவை, நம் அலமாரியில் இருப்பவை.

என் இளமைக் காலத்தில் எங்கள் தெருவில் கணவரை இழந்த பெரியம்மா ஒருவர் நான்கு வெள்ளாடுகளை வைத்துப் பிழைத்து வந்தார். குச்சிக்கிழங்குக் காட்டில் கிழங்கு பிடுங்கும் நாளில், ஒடித்துப் போட்ட கொழுந்துகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து ஆடுகளின் முன் போட்டார். அரைமணி நேரத்திற்குள் இரண்டு ஆடுகள் வாயில் நுரை தள்ளித் துடித்து விழுந்தன. கூட்டம் கூடிற்று. ஒருவர் புளிக்கரைசல் என்றார். ஒருவர் கண்ணேறு என்றார். அப்பெரியம்மா என் அத்தாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி மட்டும் என் நினைவில் நின்றுவிட்டது: “நேத்தும் இதே தழையத்தானே தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே அண்ணே?” அத்தாவிடம் அதற்கு விடை இல்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அக்கேள்விக்குரிய விடையே ஆகும்.

குச்சிக்கிழங்கும் அதன் நஞ்சும்

குச்சிக்கிழங்கு, மரவள்ளி, ஏழிலைக் கிழங்கு எனப் பல பெயர்களால் வழங்கும் இப்பயிர் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்படவே, சேலத்தில் இக்கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சேகோ ஆலையின் புளித்த வாடையை அறியாதார் இலர். நம் மக்கள் பலருக்குச் சோறு போடும் பயிர் இது.

இப்பயிரின் இலை, தண்டு, தோல், கிழங்கு ஆகிய அனைத்திலும் லினாமரின் என்னும் பொருள் உள்ளது. அது தனித்து இருக்கும்வரை பெருந்தீங்கு செய்வதில்லை. அதே செடியின் திசுக்களில் லினாமரேஸ் என்னும் நொதி ஒன்று வேறிடத்தில் ஒதுங்கி இருக்கிறது. வீட்டில் தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் தனித்தனியே இருப்பதைப் போன்ற நிலை அது. இலையைக் கசக்கினாலோ மென்றாலோ நசுக்கினாலோ இரண்டும் கலக்கின்றன; ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் இந்நஞ்சு மிகுதி. இரகத்திற்கு இரகமும் அளவு மாறும். எச். 226, எச். 165, முள்ளுவாடி, குங்கும ரோஸ் என நம் பகுதியில் நட்டுவரும் இரகங்கள் எல்லாம் ஒரே அளவினவல்ல. ஒரே இரகமும் மழை பெய்த ஆண்டில் ஒரு விதமாகவும் வறண்ட ஆண்டில் கடுமையாகவும் இருக்கும்.

மனிதன் இக்கிழங்கை உண்டு உயிர் வாழ்வது எங்ஙனம்? தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைந்த நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுகிறான். அமேசான் காட்டுப் பழங்குடியினர் கசப்புக் கிழங்கைத் துருவிப் பிழிந்து நஞ்சை நீக்கக் கற்றிருந்தனர். அம்முறை தவறினால் மனிதனும் தப்புவதில்லை. 1981-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி நேர்ந்தபோது, பசியின் அவசரத்தில் சரிவரப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை உண்டு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கால்கள் முடங்கினர். அந்நோய்க்குக் கொன்சோ என்று பெயர். மனிதனுக்குச் சமையற்கட்டு உண்டு. ஆட்டுக்கு அது இல்லை. அது பச்சையாகவே மெல்லுகிறது. அதன் முதல் இரைப்பையோ வெதுவெதுப்பும் ஈரமும் நுண்ணுயிரும் நிறைந்த ஒரு கொப்பரை. எஞ்சிய லினாமரினையும் அங்குள்ள நுண்ணுயிர்களே உடைத்து நஞ்சாக்கித் தந்துவிடுகின்றன. அசைபோடும் விலங்குகள் இந்நஞ்சுக்கு எளிதில் இரையாவதன் காரணம் இதுவேயாகும்.

நேற்றுப் பிழைத்தது இன்று மடிவதேன்?

சயனைடு செய்யும் கேடு வியப்பூட்டுவது. அது மூச்சுக்குழலை அடைப்பதன்று. நுரையீரல் காற்றை வாங்குகிறது. குருதி உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. ஆனால் உடலின் ஒவ்வொரு திசுவறையிலும் அவ்வுயிர்வளியைப் பயன்படுத்தும் இறுதிக் கருவியாகிய நொதியை இந்நஞ்சு பூட்டிவிடுகிறது. நீர் நிறைந்த குளத்தின் நடுவே நின்று தாகத்தால் மடிவதற்கு ஒப்பானது அது. பயன்படாத உயிர்வளி குருதியிலேயே தங்கிவிடுவதால், அக்குருதி வழக்கத்திற்கு மாறாகப் பளிச்சென்ற செந்நிறத்தில் இருக்கும். கால்நடை மருத்துவர் ஈறுகளையும் கண்ணிமையின் உட்புறத்தையும் புரட்டிப் பார்ப்பது இதனை அறியவே.

ஆயினும் உடல் இந்நஞ்சின் முன் முற்றிலும் கையற்றதன்று. கல்லீரலில் உள்ள ஒரு நொதி, கந்தகச் சத்தின் துணைகொண்டு சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழித்துவிடும். நஞ்சு உட்புகும் விரைவைவிட இம்மாற்றம் விரைவாக நடந்தால் ஆடு பிழைக்கும், பின்தங்கினால் மடியும். பெரியம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. முதல்நாள் வயிறு நிறைந்த ஆடு, வேறு தீவனத்தோடு கலந்து, பொறுமையாகக் கொஞ்சம் கடித்திருக்கலாம். மறுநாள் பசித்த ஆடு கட்டுக்கட்டாக அவக்அவக்கென்று விழுங்கியிருக்கலாம். முதல்நாள் கிடைத்தது முதிர்ந்த இலையாகவும், மறுநாள் கிடைத்தது நஞ்சு மிகுந்த இளங்கொழுந்தாகவும் இருந்திருக்கலாம். நேற்றுத் தின்று பிழைத்தது என்பது அத்தழை நல்லது என்பதற்குச் சான்றாகாது.

கணக்கு ஒன்றையும் காண்போம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு விரைந்து உட்சென்றால் கால்நடைகள் உயிரிழக்கக்கூடும் என்பர். 20 கிலோ எடையுள்ள ஆட்டிற்கு 40 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சைத் தழையில் 400 மில்லிகிராம் நஞ்சு தோன்றுவதாகக் கொண்டால், 100 கிராம் தழையிலேயே அவ்வளவும் அடங்கிவிடும். ஓர் ஆடு அதனைத் தின்று முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பதை ஆடு வளர்த்தோர் அறிவர்.

அறிகுறிகள் சில நிமிடங்களிலேயே தோன்றிவிடலாம். மூச்சு வாங்குதல், வாய்நீர் ஒழுகுதல், தள்ளாடுதல், வயிறு உப்புதல், பின் இழுப்பு, சாய்ந்து விழுதல் என அவை விரைந்து தொடரும். மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகியவற்றை மருத்துவர் நரம்பு வழியே செலுத்துவார். பின்னது வேறொன்றுமில்லை, படச்சுருள் காலத்தில் புகைப்பட நிலையங்களின் இருட்டறையில் ‘ஹைப்போ’ என வழங்கிய அதே உப்புதான். கல்லீரல் தேடும் கந்தகத்தை அது கொடுத்துதவுகிறது. ஆனால் இம்மருந்துகளின் அளவு தவறினால் நைட்ரைட்டே நஞ்சாகும். எனவே இது வீட்டில் செய்துபார்க்கும் வேலையன்று.

அப்படியானால் இத்தழையையும் தோலையும் எறிந்துவிட வேண்டுவதுதானா? இல்லை. இலையில் புரதம் மிகுதி. தோலிலும் திப்பியிலும் மாவுச்சத்து உண்டு. தழையை நறுக்கி, மெல்லிய பரப்பாக வெயிலில் விரித்து, சருகாகும்வரை உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றோடு போய்விடும். நறுக்குவது இன்றியமையாதது, நறுக்கும்போதுதான் நொதி தன் வேலையைச் செய்து, நஞ்சு ஆட்டின் வயிற்றில் வெளிப்படாமல் வெளியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. அரைகுறையாக வாடியதைப் போடுதல் ஆகாது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரிலும் சயனைடு கலந்திருக்கும். ஆலை ஓரத்து வாய்க்காலிலும் வசிட்ட நதியின் தேங்கிய குட்டைகளிலும் தாகத்தோடு வாய் வைக்கும் மாட்டிற்கு முன்னதாகவே தொட்டியில் நல்ல நீர் காட்டிவிடுவது நலம்.

சோளமும் இவ்வகையிற் சேர்ந்ததே. அதில் உள்ள பொருளின் பெயர் டுர்ரின். விளையும் நஞ்சு அதே சயனைடு. முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட இளம்பயிர், மழையின்றி வாடிய பயிர், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பு ஆகிய மூன்றும் ஆகா. பூத்து முற்றிய பயிரும் நன்கு காய்ந்த சோளத்தட்டும் அஞ்சத்தக்கன அல்ல. கோடையில் காய்ந்து கிடந்த காட்டில் முதல் மழைக்குப்பின் துளிர்க்கும் பசுமையைக் கண்டு மாட்டை அவிழ்த்துவிடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆமணக்கும் அரளியும்

ஆத்தூருக்கு அண்மையில் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இரண்டும் இம்மண்ணுக்கு உகந்தவை. இரண்டும் நஞ்சுடையவை என்பது ஒரு வியப்பு. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்னும் புரதம் திசுவறைகள் புரதம் ஆக்கும் தொழிலையே நிறுத்திவிடும். எண்ணெயில் அது இறங்குவதில்லை, பிண்ணாக்கில் தங்கிவிடும். எனவே விளக்கெண்ணெய் மருந்தாகவும், அதன் பிண்ணாக்கு நஞ்சாகவும் ஆகின்றன. தோட்டத்திற்கும் தென்னைக்கும் உரமாக இட்ட ஆமணக்குப் பிண்ணாக்கை நாய்கள் வாசனை பிடித்துத் தோண்டித் தின்னும். அறிகுறி உடனே தோன்றாது. பல மணி நேரம் கழித்தே வாந்தியும் குருதிக் கழிச்சலும் காணும். அதற்குள் என்ன தின்றது என்பதையே வீட்டார் மறந்திருப்பர். பிண்ணாக்கு இட்டால் ஆழப் புதைத்து மண் மூட வேண்டும். மூட்டையை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி மலருக்காகப் பயிராகிறது. நம் வீட்டு வேலியிலும் அது நிற்கிறது. நிற்கும் அரளியை ஆடு பெரும்பாலும் தீண்டுவதில்லை. கசப்பு அதனைத் தடுக்கும். வேலியை வெட்டி ஒழுங்கு செய்த அன்றுதான் தீங்கு. வெட்டிப்போட்ட கிளை வாடும்போது, வேறு தழையோடு கலந்து உள்ளே போய்விடும். அரளியின் நஞ்சு நெஞ்சின் துடிப்பைக் குலைப்பது, காய்ந்தாலும் அகலாதது. இவ்வொன்றில் அது மரவள்ளிக்கு நேர்மாறானது. உலர்த்தினால் எல்லா நஞ்சும் போய்விடும் என்று எண்ணுதல் பிழை.

அன்பின் மிகுதியால் நேர்வது

விலக்கிய பொருளைத் தின்று மடியும் ஆடுகள் ஒருபுறமிருக்க, நாம் விரும்பி ஊட்டியதால் மடிவன ஒருபுறம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று சில நாள் முன்னரே வாங்கி வந்து கட்டும் ஆட்டிற்கு வீட்டுப் பிள்ளைகள் சோறும் ரொட்டியும் அரிசியும் மாறிமாறி ஊட்டுவர். மாட்டுப்பொங்கலன்று மாட்டிற்குப் பானைப் பொங்கலை ஊட்டுவதும் இத்தகையதே. திருமண வீட்டில் மீந்த பிரியாணியைத் தொட்டியில் கொட்டுவதும் உண்டு. தழையையும் தட்டையையும் மெல்லமெல்லப் புளிக்கச் செய்வதற்கென அமைந்த இரைப்பையில் மாவுச்சத்து திடீரெனக் குவிந்தால், நுண்ணுயிர்கள் அதனை விரைந்து புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கிவிடும். வயிறு அசைவற்றுப் போகும், புளிநாற்றத்துடன் கழியும், ஆடு படுத்துவிடும். பின்னர் அமிலம் குருதியிலும் ஏறும். பெருநாளுக்கு இரு நாள் முன்னர் ஆடு இறந்துவிட்டதாகக் கேள்விப்படும்போதெல்லாம், அதற்குக் கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்பதுண்டு. விடை பெரும்பாலும் சோறாகவே இருக்கும். ஒரு கைப்பிடிச் சோறு கொல்லாது. பழக்கமில்லாத ஆட்டிற்கு ஒரு வட்டில் நிறையச் சோறு கொல்லும். திப்பியையும் மாவையும் அளவின்றிக் கொடுப்பதனாலும் இந்நிலை நேரும்.

பூனைக்கு நேர்வது இதனினும் துயரமானது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை, சோர்ந்து படுத்த பூனைக்கும் இரக்கத்தால் கொடுத்துவிடுவோர் உளர். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைக் குடிக்கப் போதும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். கழுவும் பினாயில் தரையில் ஈரமாயிருக்கும்போது அதன்மேல் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கும் தீங்குண்டு. அந்துருண்டையும் அவ்வாறே.

நாயின் உண்ணிக்குப் பருத்திக்கும் நெல்லுக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. உண்ணி சாகும், பல நேரங்களில் நாயும் சாகும். தோல் வழியே அம்மருந்து உள்ளே இறங்கும். நாய் நக்குவதால் வாய்வழியும் போகும். வாய்நீர், கண்ணீர், கழிச்சல், தசைநடுக்கம் ஆகியவை அதன் குறிகள். அட்ரோபின் என்னும் மாற்று மருந்து மருத்துவரிடம் உண்டு. அவரிடம் போகுமுன் சோப்பிட்டு நிறைய நீரால் நாயைக் கழுவலாம். கழுவுவோர் கையுறை அணிந்திருத்தல் வேண்டும். எலிமருந்துகளில் துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்தில் கொல்வது. குருதியை உறையவிடாது செய்யும் வகையோ சில நாள் கழித்தே தன் வேலையைக் காட்டும். பின்னதற்கு வைட்டமின் கே உதவும். எந்த மருந்து என்பதை அட்டையைப் பார்த்தே மருத்துவர் அறிவார். ஆகவே அட்டையை எறியாதிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கதும் தகாததும்

நஞ்சு தின்றது என்று ஐயம் எழுந்தவுடன் நம் மக்கள் செய்யும் முதல் வேலை வாயைத் திறந்து எதையாவது ஊற்றுவது. புளிக்கரைசல், உப்புநீர், எண்ணெய், பால் என ஆளுக்கொன்று. மூச்சுத்திணறும் ஆட்டின் தொண்டையில் ஊற்றிய நீர் வயிற்றுக்குப் போவதினும் நுரையீரலுக்குப் போவதே மிகுதி. நஞ்சில் தப்பியது நீரில் மடியும். வாந்தி எடுக்கவைத்தால் சரியாகும் என்பாரும் உளர். ஆடும் மாடும் நாம் எடுப்பது போல் வாந்தி எடுப்பன அல்ல. நாய்க்கு உப்பைக் கரைத்துப் புகட்டினால் உப்பே நஞ்சாகும்.

தின்றுகொண்டிருந்ததை முதலில் அகற்றுக. மற்ற ஆடுகளை அவ்விடத்தினின்று அவிழ்த்துச் செல்க. தின்ற தழையில் ஒரு பிடியை எடுத்து வைக்க. எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்க. 1962 என்னும் எண்ணில் அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி வரும். ஒரு காலத்தில் ஆடு மாட்டுக்கு உயர்சிகிச்சை என்றால் 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே செல்ல வேண்டியிருந்தது. 2021-இல் தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபின் அத்தொலைவு நமக்குக் குறைந்துள்ளது. ஆயினும் சயனைடு நஞ்சில் அரைமணி நேரமே பெரிது என்பதால், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டும். ஆடு துடிக்கத் தொடங்கியதும், உயிர் போகுமுன் அறுத்துவிட்டால் காசாவது மிஞ்சும் என்று கத்தியைத் தேடுவோர் உளர். மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் உரைக்கட்டும். உடல்நலம் பற்றியவரை, நஞ்சு தின்றதாக ஐயமுள்ள விலங்கின் இறைச்சியைக் கால்நடை மருத்துவர் பார்த்து ஒப்பாதவரை யாரும் உண்ணலாகாது. குறிப்பாகப் பூச்சிமருந்து தின்றதன் ஈரலும் குடலும். இறந்ததை ஆற்றோரம் எறிவதும் ஆகாது. நாயும் காக்கையும் அதைத் தின்று மடியும். ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடவேண்டும்.

அப்பெரியம்மாவிடம் எஞ்சிய இரண்டு ஆடுகளும் பின்னர்க் குட்டிகள் ஈன்றன. அடுத்த ஆண்டுக் கிழங்குப் பிடுங்கலின்போதும் அவர் தழைக்கட்டைச் சுமந்து வந்தார். ஆனால் அரிவாள்மணையில் நறுக்கி, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் விரித்து, மாடிப்படிக் கதவைத் தாழிட்டு, மூன்றாம் நாள் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தபின்னரே கீழே கொண்டுபோனார்.